நோட்டில் ஏறாத துடிப்பு

டாக்டர் சீனிவாசன் அன்று கேமராவின் ஷட்டர் வயரைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்து ஞானசுந்தரி பார்த்ததில்லை. அவர் உட்காருகிற இடம் ஆராய்ச்சிக்கூடத்தின் மாடியில், பெரிய மேசைக்குப் பின்னால். படங்களை இவள் எடுத்து, கழுவி, காயவைத்து, நோட்டில் ஒட்டித் தேதி போட்டு மேலே அனுப்புவாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். இன்று கீழே இறங்கி வந்து, இருட்டறையில், மின்துடிப்பைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் பச்சைத் திரைக்கு முன்னால், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, "நான் ஷட்டரைத் திறந்துட்டு 'ம்'னு சொல்றேன். நீங்க அப்ப அழுத்துங்க" என்றார்.

'நீங்க' என்றது சுருக்கென்றது. வியாழக்கிழமை வரை "சுந்தரி, நீ இதைப் பாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதை கூடினால் மனிதர்கள் தள்ளிப் போகிறார்கள் என்பது ஆபீசில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கதவோரம் ராஜப்பா நின்றிருந்தான். பி.எச்.டி. பண்ணுகிற பையன், துமகூர் பக்கம். இவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்" என்றார் அவர். அவள் துடிப்புப் பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சைக்கோடு ஒரு முறை மின்னி அணைந்தது. மறுபடி "ம்". இப்படி ஐந்து படம். கழுவி எடுத்துப் பார்த்தபோது ஐந்திலும் கோடு யானை முதுகு மாதிரி எழும்பியிருந்தது. எழும்பக்கூடாது. அவள் மூன்று மாதமாக எடுத்து ஒட்டியிருந்த இருபத்துநாலு படத்திலும் அந்த இடத்தில் ஒரு சின்ன முள் மட்டும்தான் இருந்தது.

ஊரில், மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இறங்கி மைசூர் மைன்ஸ் லைனுக்கு நடக்கிற வழியில், "பெங்களூர்ல இன்னா வேலம்மா உனுக்கு?" என்று கேட்பவர்களுக்காக அவள் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். கண்ணாடிச் சில்லின் மேல் தங்கம், தங்கத்தின் மேல் வெடியுப்பு, வெடியுப்பின் மேல் மறுபடி பொட்டுப் பொட்டாகத் தங்கம். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தங்கத்தைக் கையால் தொட்டு வேலை பார்க்க வாய்த்தது பெங்களூரில்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத கனத்தில். நடுவிலிருக்கிற வெடியுப்புப் பூச்சும் அப்படித்தான், தலைமுடியை நூறாக வகுந்தால் வருகிற கனம். அதற்குள் கோடிக்கணக்கான அம்புக்குறிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கரண்டால் ஒரு தட்டு தட்டினால் எல்லாம் மேலே பார்க்கும். திருப்பித் தட்டினால் எல்லாம் கீழே பார்க்கும். கரண்டை நிறுத்தினாலும் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும், யாராவது மறுபடி தட்டும் வரை. இதைக் கேட்டு அவளுடைய நைனா ஏசுபாதம், "ரோஷக்காரப் பூச்சுன்னு சொல்லு" என்றார்.

இந்த ரோஷத்தைத்தான் சீனிவாசன் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே பார்த்தால் ஒன்று, கீழே பார்த்தால் பூஜ்யம். கணக்குப் போடும் எந்திரங்களுக்கு இதையே நினைவாக வைக்கலாம், கரண்டு போனாலும் மறக்காது. எத்தனை சின்னத் தட்டுக்குத் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. முதலில் பெரிய துடிப்பு ஒன்று கொடுத்துப் பூச்சைக் கீழே பார்க்க வைப்பாள். பிறகு மேல்நோக்கிக் குட்டித் துடிப்பு ஒன்று. கடைசியாக மேல்நோக்கி ஒரு பெரிய துடிப்பு, 'திரும்பிவிட்டாயா?' என்று கேட்பதற்கு. ஏற்கெனவே திரும்பியிருந்தால் அதற்குத் திரும்ப ஒன்றுமில்லை, திரையில் முள் மட்டும் வரும். திரும்பாமல் இருந்தால் அப்போதுதான் திரும்பும், கோடு முதுகெடுக்கும். அவளுடைய படங்கள், அரை மைக்ரோ வினாடித் துடிப்புக்கே பூச்சு திரும்பிவிடுவதாகச் சொல்லின. ஒரு வினாடியை இருபது லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. சீனிவாசன் அந்த எண்ணை வைத்து ஒரு கட்டுரை எழுதி, டைப் அடித்து, உறையில் போட்டு வைத்திருந்தார். அனுப்புமுன் ராஜப்பாவும் ஒரு தடவை பார்க்கட்டும் என்றார். ராஜப்பா பதினைந்து தடவை பார்த்தான். பதினைந்திலும் பூச்சு திரும்பவில்லை.

சீனிவாசன் விளக்கைப் போட்டார். ஐந்து துண்டுப் படத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"இருபத்துநாலு படம் ஒட்டியிருக்கீங்க. அந்த இருபத்துநாலு கிடைக்க மொத்தம் எத்தனை எடுத்தீங்க?"

அவளுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது.

"இருபத்துநாலுதான் சார்."

"பிலிமைச் சுருளா வாங்கித் துண்டு துண்டா வெட்டிப் போடறோம். சரியா வராத பத்து துண்டைக் குப்பையில போட்டாலும் யாருக்கும் தெரியாது. நான் நீங்க போட்டீங்கன்னு சொல்லலை. திங்கட்கிழமை வரைக்கும் யோசிச்சுப் பாருங்க. பர்மனென்ட் லிஸ்ட்டும் அன்னிக்குத்தான் ஆபீசுக்குப் போகணும்."

குரலை உயர்த்தாத மனிதர். உயர்த்தியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். மூன்று வருடம் தற்காலிக வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு. விடியுமுன் எழுந்து முதல் வண்டி, பங்காருப்பேட்டையில் மாற்றம், கன்டோன்மென்டில் இறங்கி பஸ். போன வருடம் ரயில் வேலைநிறுத்தத்தின்போது இருபது நாளும் சிவாஜி நகரில் சித்தி வீட்டுச் சமையலறையில் பாய் போட்டுப் படுத்து வந்தாள், ஒரு நாள் தவறவில்லை. அதெல்லாம் போகட்டும். திருடி என்று சொல்லாமல் திருடி என்று சொல்லிவிட்டாரே என்பதுதான் ஆறவில்லை. பங்காருப்பேட்டை தாண்டியதும் அழுகை வந்தது. கரி வண்டியில் ஒரு வசதி உண்டு. கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டாள். அது அவள் கணக்கில் அதிசயம். அம்மா பாக்கியவதி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல. இன்னாத்துக்கு லீவு?" என்று கேட்டாள். "சும்மா" என்றாள். அம்மா அதை நம்பாமல் மிளகு ரசம் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, தான் செய்வதை முதலிலிருந்து கடைசி வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சில்லை உலர்ந்த பெட்டியிலிருந்து எடுக்கிறேன். சூடு பார்க்கிறேன். பெரிய துடிப்பு. குட்டித் துடிப்பு. பெரிய துடிப்பு. ராஜப்பாவும் இதைத்தான் செய்கிறான், என் நோட்டைப் பார்த்துத்தான் செய்கிறான். ஈரமா? ஈரம் அவன் கைக்கு மட்டும் வருமா? பொட்டு உரிந்துவிட்டதா? அப்படியானால் ஒன்றுமே வராதே. பத்து முறை ஓட்டினாள், பத்து முறையும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இதைவிட ஏதாவது ஒரு தப்பு கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஒரே சுவரில் ஒட்டி வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் குழாய்க்குப் பக்கத்து வீடு இவர்களுடையது. தண்ணீர் வந்தால் அடுத்த வீட்டு வெங்கடம்மாவுக்குச் சுவரில் தட்டிச் சொல்ல வேண்டியது இந்த வீட்டின் பொறுப்பு. சுந்தரி ஒரு கையில் குடத்தை இடுக்கிக்கொண்டு, போகிற போக்கில் மறு கையால் சுவரில் இரண்டு தட்டிவிட்டு வெளியே போனாள். இரண்டு குடம் பிடித்தாள். அண்டாவும் நிறைந்தது. தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்ற பிறகு வெங்கடம்மா காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏமே சுந்தரி, தண்ணி வந்துச்சின்னு ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

"தட்டினேனே அத்தே. ரெண்டு தட்டினேன்."

"ரெண்டு தட்டினா? நானு பசங்க செவுத்துல பந்து அடிக்கிறாங்கன்னு உட்டுட்டேன். முன்னாடி ஒண்ணு தட்டவேயில்லியே நீ. ஒண்ணு தட்டி, நானு ஒண்ணு தட்டி, அப்பறம்ல தண்ணிக்கு ரெண்டு?"

அது அந்த லைனின் பழக்கம். சுரங்கத்து ஷாஃப்ட்டிலிருந்து வீட்டுச் சுவருக்கு வந்த பழக்கம். கீழே லெவலில், அதாவது சுரங்கத்தின் ஏதோ ஒரு தளத்தில் நிற்பவன் ஆள் ஏற்றும் கூண்டை மேலே எடுக்கச் சொல்ல வேண்டுமானால் எடுத்த எடுப்பில் மணியடிக்கமாட்டான். முதலில் ஒற்றை மணி, 'ஆள் இருக்கிறாயா?' என்று. மேலே என்ஜின் வீட்டிலிருந்து ஒற்றை மணி பதில் வரும், 'இருக்கிறேன்' என்று. அதற்குப் பிறகுதான் விஷயம். அந்த ஒற்றை மணிக்கு 'ரெடி' என்று பெயர். ரெடி இல்லாமல் வந்த மணிக்கு, கூண்டை இழுக்கும் என்ஜின் டிரைவர் நெம்புகோலைத் தொடமாட்டார், யாரோ கம்பியில் இடித்துக்கொண்டான் என்று விட்டுவிடுவார். அப்படி ஒரு டிரைவர்தான் ஏசுபாதம். சுரங்கத்துக்குப் போகிறவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் அதையே வீட்டுச் சுவரில் எழுதாத சட்டமாக்கிவிட்டார்கள். ஒன்று, பதிலுக்கு ஒன்று, பிறகு சேதி. இரண்டென்றால் தண்ணீர், மூன்றென்றால் வா, நாலென்றால் மாமியார் ஊரிலிருந்து இறங்கிவிட்டாள். இந்த நாலு வெங்கடம்மா வீட்டுக்கு மட்டும்.

சுந்தரி தன்னுடைய ஒரு குடத்தை எடுத்து வெங்கடம்மாவின் குடத்தில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது.

"போதுமா? பாதிதான கீது" என்றாள் வெங்கடம்மா.

சுந்தரி அங்கே இல்லை. இருட்டறையில் இருந்தாள். தனியாக இருக்கிறாள், வழக்கம் போல. பூச்சைக் கீழே பார்க்க வைத்தாயிற்று. இப்போது ஷட்டரைத் திறக்க வேண்டும். திறக்குமுன் வலது கை குட்டித் துடிப்பின் பொத்தானுக்குப் போகிறது. ஒரு அழுத்தல். திரையில் கோடு ஒரு முறை மின்னுகிறது. இருக்கிறேன் என்கிறது. அதற்குப் பிறகு ஷட்டரைத் திறக்கிறாள், துடிப்பைக் கொடுக்கிறாள், படம் எடுக்கிறாள். இருபத்துநாலு தடவையும் அப்படித்தான். முதல் அழுத்தலைத் துடிப்பு என்று அவள் நினைத்ததேயில்லை. அது கூப்பிடுவது. கூப்பிடுவதை யாராவது எழுதுவார்களா? நோட்டில் எழுதவில்லை. நோட்டைப் பார்த்துச் செய்த ராஜப்பாவுக்கு அது தெரியவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை ஷட்டர் சீனிவாசன் கையில் திறந்திருந்தது. திறந்த ஷட்டருக்கு முன்னால் சும்மா மின்னவிட்டால் ஒரு துண்டு பிலிம் பாழ் என்று அவள் கை தானாக அடங்கிவிட்டது. பூச்சுக்கு அன்று ஒரு தட்டுதான் விழுந்தது. மற்ற நாட்களில் இரண்டு. அரை மைக்ரோ வினாடியில் அது திரும்பவே இல்லை. முதல் தட்டில் பாதி மனதாக அசைந்து, இரண்டாவது தட்டில் திரும்பியிருக்கிறது.

"ஊத்துறேன் அத்தே" என்று மீதியை ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டு நடு வாசலில் நின்று சிரித்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. வெங்கடம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, நைனா காலை ஷிப்டு முடிந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"நைனா, என்ஜின் ரூம் ரிஜிஸ்டர்ல ரெடி அடிக்கிறத எழுதுவியா?"

"ரெடியவா?" ஏசுபாதம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அத எவன் எழுதுவான். எத்தினி மணிக்கு எந்த லெவலுக்குக் கூண்டு போச்சி, எத்தினி ஆள், அத்த எழுதுவேன். ரெடியெல்லாம் எழுதிக்கினு இருந்தா ஒரு ஷிப்டுக்கு ஒரு நோட்டு ஆவும்."

"அதான."

"இன்னா, எழுதணுமா?"

"இங்க வேணாம். அங்க எழுதியிருக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்கவில்லை. முப்பது வருடமாக முகம் தெரியாத ஆட்களின் மணியைக் கேட்டு அவர்களைத் தூக்கியும் இறக்கியும் பழகியவர், தெரிய வேண்டியது தானே வரும் என்று இருப்பார். "கொழம்பு ஊத்து" என்றார்.

காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் நிம்மதி கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க ஒரு யோசனை அவளைச் சுற்றிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை போய், "சார், நீங்க ஷட்டரைப் பிடித்தால் எனக்குக் கை நடுங்குகிறது, தனியாக ஒரு முறை எடுத்துத் தருகிறேன், ராஜப்பா வேண்டுமானால் வாசலில் நிற்கட்டும்" என்று சொன்னால் அவர் மறுக்கமாட்டார். உள்ளே போய் இரண்டு முறை அழுத்தினால் முள் வரும். பத்து எடுத்தால் பத்திலும் வரும். ராஜப்பாவின் கைதான் சரியில்லை என்று ஆகும். கட்டுரை போகும், லிஸ்ட்டில் பெயர் ஏறும். அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, படங்கள் உண்மையான படங்கள். இந்த யோசனை இத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. அதைவிட, அது பிடித்துவிட்டது என்பதில் வெட்கமாக இருந்தது. பர்மனென்ட் ஆகிவிட்டால் சிவாஜி நகரில் ஒரு அறை எடுக்கலாம், விடியலில் எழவேண்டாம், அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். அதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்த பிறகும் ஒன்று இடித்தது. தெரியாமல் இரண்டு முறை அழுத்தியது வேறு. நாளைக்குத் தெரிந்து அழுத்தினால் அதற்குப் பெயர் வேறு. வெள்ளிக்கிழமை அவர் சொல்லாமல் சொன்ன பெயர் அதுதான்.

திங்கட்கிழமை மாடிக்குப் போய் நின்றபடியே சொன்னாள். ஷாஃப்ட், மணி, சுவர், குடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் விளங்காது. சொல்லச் சொல்ல அது அவளுக்கே கிறுக்குத்தனமாகக் கேட்டது. சீனிவாசன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் எழுந்து, "வாங்க" என்று கீழே நடந்தார். ராஜப்பாவையும் கூப்பிட்டார்.

ரெடி கொடுத்து ஐந்து, கொடுக்காமல் ஐந்து. பத்துத் துண்டையும் கழுவி ஈரத்தோடு கிளிப்பில் மாட்டினார்கள். ஐந்தில் முள். ஐந்தில் முதுகு.

"ஹௌது, ஆமா" என்றான் ராஜப்பா, மூச்சு விட்டபடி. "சுந்தரி அவ்ரே, நானு பதினைஞ்சு தடவ செத்தேன்." அவன் முகத்தில் அத்தனை பெரிய நிம்மதி. அவனும் இரண்டு வாரமாகத் தூங்கியிருக்கமாட்டான் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

சீனிவாசன் அவள் நோட்டை எடுத்து, மூன்று மாதத்துப் பக்கங்களைப் புரட்டினார். இருபத்துநாலு படத்துக்குக் கீழேயும் அவள் கையெழுத்தில் அரை மைக்ரோ வினாடி என்று இருந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து அவளிடமே கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். அவள் எழுதியதை அவளே அடிக்க விட்டாரே என்று நன்றியாகக்கூட இருந்தது.

"கட்டுரை போகாது" என்றார். "சொல்றதுக்கு வேற விஷயம் இருக்கு, ஆனா அந்த எண் இல்லை." பென்சிலை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "நீங்க பொய் சொல்லலை. எனக்குத் தெரியுது. ஆனா செஞ்சதை எழுதலை. எழுதாதவங்க பேரை எப்படி லிஸ்ட்ல போடறதுன்னு எனக்குத் தெரியலை. இந்த வருஷம் போட முடியாது."

"சரி சார்" என்றாள். சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் பெயர் லிஸ்ட்டில் இருந்திருக்கும். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது, அதனால் கோபத்தை வைக்கவும் இடமில்லாமல் போயிற்று. ராஜப்பா மறுபடியும் தீயணைப்பு வாளியைப் பார்க்கத் தொடங்கினான்.

அதோடு மாடிக்குப் போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. முக்காலியைக் காலால் இழுத்து உட்கார்ந்தார்.

"ரெடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தனை நேரம்?"

"ஷட்டர் திறக்கிற நேரம் சார். மூணு வினாடி, நாலு வினாடி."

"பத்து வினாடி விட்டா?"

தெரியாது. யாருக்கும் தெரியாது. பத்து வினாடி விட்டுப் பார்த்தார்கள், பூச்சு திரும்பியது. ஒரு நிமிடம் விட்டார்கள், திரும்பியது. பத்து நிமிடம் விட்ட நேரத்தில் ராஜப்பா கான்டீனிலிருந்து காபி வாங்கி வந்தான். பத்து நிமிடத்துக்குப் பிறகும் திரும்பியது. முதல் தட்டுக்குப் பூச்சு திரும்பாவிட்டாலும் சும்மாவும் இல்லை, தட்டப்பட்டதை எங்கேயோ வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எத்தனை நேரம் காத்திருக்கும், எப்போது போதும் என்று பழைய இடத்துக்கே போய்விடும் என்பது சீனிவாசன் கட்டுரையில் ஒரு வரியும் எழுதாத விஷயம். மத்தியானம் ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். மூன்று பேரும் சாப்பிடப் போகவில்லை. லிஸ்ட்டில் பெயர் இல்லாத வருத்தத்தை ஒரு மணி நேரம் மறந்திருந்தோம் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் வருத்தம் திரும்பி வந்துவிட்டது.

சாயங்கால வண்டிக்கு நேரமாகும்போது சீனிவாசன், "ராத்திரி முழுக்க விட்டுப் பாக்கலாம்" என்றார். புது சில்லாக எடுத்தார்கள். பூச்சைக் கீழே பார்க்க வைத்து, சுந்தரி குட்டித் துடிப்பை ஒரே ஒரு முறை அழுத்தினாள். அழுத்திவிட்டு நேரத்தை நோட்டில் எழுதினாள். கண்ணாடிக் குடுவையால் மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் நீல மணிகளை இரண்டு பங்காகப் போட்டாள். ராஜப்பா ஒரு அட்டையில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தொடாதே என்று எழுதிச் சாத்தி வைத்தான். சுந்தரி கீழே தமிழிலும் எழுதினாள், பெருக்க வருகிற கங்கம்மாவுக்கு அதுதான் தெரியும். அவள் படிக்கமாட்டாள் என்பது நினைவுக்கு வந்து, போகிற வழியில் அவளிடம் நேரிலும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரவு மழை பெய்தது. லைன் வீட்டுத் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, பெங்களூரிலும் பெய்யுமே, மணிகள் தாங்குமா என்று நினைத்தாள். பர்மனென்ட் லிஸ்ட்டில் இல்லாத ஒருத்திக்கு இது என்ன கவலை என்றும் நினைத்தாள். காலையில் முதல் வண்டிக்கே போனாள்.

சீனிவாசன் அவளுக்கு முன்பே வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நீல மணிகளில் பாதி ஈரம் குடித்து ரோஸ் நிறமாகியிருந்தன. சில்லு கெட்டுவிட்டதா என்பது படம் எடுத்தால்தான் தெரியும். அவள் ஷட்டரைத் திறந்தாள். குட்டித் துடிப்பு. பிறகு கேள்வி கேட்கும் பெரிய துடிப்பு. கோடு மின்னியது, ஆனால் அந்த மின்னலில் முள்ளா முதுகா, பூச்சு ராத்திரி முழுக்கக் காத்திருந்ததா மறந்துவிட்டதா என்று கண்ணுக்குப் பிடிபடாது, கழுவித்தான் பார்க்க வேண்டும். துண்டைக் கறுப்புத் துணிக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், கழுவி, தண்ணீரில் அலசி, விரல் நுனியில் பிடித்தபடி வராந்தாவின் ஜன்னலுக்கு வந்தாள். மழை விட்டு வெயில் சுத்தமாக அடித்தது. ராஜப்பா இன்னும் வரவில்லை.

சீனிவாசன் அவள் பின்னாலேயே வந்தார். படத்துக்குக் கை நீட்டுவார் என்று நினைத்துத் துண்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் வாங்கவில்லை. ஜன்னல் கட்டையில் நோட்டைத் திறந்து வைத்து, தேதி போட்டு, நேரம் போட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பக்கத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"நீ பாத்து சொல்லு சுந்தரி. நீ சொல்றதை நான் எழுதறேன்."

அவர் தலை நிமிரவில்லை. பேனா காகிதத்தில் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மசி ஒரு புள்ளியாக ஊறிக்கொண்டிருந்தது. அவள் ஈரம் சொட்டுகிற துண்டை இரண்டு விரலில் உயர்த்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.